25 மி.மீ. என்றால் எவ்வளவு? டிராயிங்கில் டாலரன்ஸ் போடும் முறை

கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் வரைகிறோம். விட்டம் 25 மி.மீ. எவ்வளவு ஜூம் பண்ணிப் பார்த்தாலும் 25தான். எட்டு தசம இடம் வரை கேட்டாலும் 25.00000000 என்றுதான் காட்டும். அந்த டிராயிங் லேத்துக்குப் போன பிறகு அப்படி ஒரு 25 எங்கேயும் கிடையாது. டூல் தேயும், மெஷின் சூடாகும், அளப்பவர் மைக்ரோமீட்டரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். வருவது 25.03 ஆக இருக்கலாம், 24.98 ஆக இருக்கலாம். இதில் எது பரவாயில்லை, எது ஸ்கிராப்புக்கு என்று வரைபவரே முன்கூட்டிச் சொல்லி வைப்பதுதான் டாலரன்ஸ்.

புதிதாகக் கற்பவர்கள் ஓரிடத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். 25 என்ற எண்ணை சாஃப்ட்வேர் தானாகவே அளந்து எழுதிவிடுகிறது. அப்படியானால் டாலரன்ஸையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. பார்த்துக்கொள்ளாது. நீங்கள் வரைந்த வட்டத்துக்குள் டாலரன்ஸ் என்று எதுவும் இல்லை. டாலரன்ஸ் போட்டாலும் எடுத்தாலும் வட்டம் ஒரு மயிரிழைகூட நகராது. நாம் கொடுக்கிற எண்ணைப் பக்கத்தில் எழுதிக் காட்டுவது மட்டும்தான் சாஃப்ட்வேரின் வேலை. தப்பாகக் கொடுத்தால் தப்பையும் அழகான எழுத்தில் எழுதித் தரும்.

நான் வேலைக்குப் புதிது. ஒரு பேரிங் ஹவுசிங்குக்கு, அதாவது பேரிங் உட்காரும் கூட்டுக்கு, மூடி வரையச் சொன்னார்கள். 8 மி.மீ. தடிமனில் ஒரு வட்டத் தகடு. நடுவில் 25 விட்டத்தில் ஒரு சிறிய புடைப்பு, ஸ்பிகாட் என்பார்கள். அது ஹவுசிங்கின் 25 துளையில் போய் உட்கார வேண்டும். சுற்றி நான்கு ஸ்க்ரூ துளைகள். ஸ்பிகாட் நன்றாக உட்கார வேண்டுமே என்று டாலரன்ஸ் கட்டத்தில் 0.01 என்று போட்டேன். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். லேத்தில் இருந்த அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, 8 மி.மீ. தடிமனுக்கு எதுக்கு 0.01? இது எதன் மேல உட்காருது?" என்றார்.

தடிமனுக்கு மட்டுமல்ல, வெளிவிட்டம், ஸ்க்ரூ துளை, ஓரத்துச் சரிவின் கோணம் என்று டிராயிங்கில் இருந்த ஒவ்வொரு அளவுக்கும் ±0.01 விழுந்திருந்தது. அந்த மூடியை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதிவிடுகிறேன். டாலரன்ஸில் செய்யக்கூடிய தப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே தாளில் இருந்தன.

முதலில் அர்த்தம்

25 ±0.1 என்றால் 24.9 முதல் 25.1 வரை எது வந்தாலும் பாஸ். இந்த இரண்டு எல்லைக்கும் இடையே உள்ள 0.2தான் டாலரன்ஸ். நாமினல் அளவிலிருந்து, அதாவது பெயரளவில் எழுதிய 25-இலிருந்து, எல்லை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது டீவியேஷன். பேச்சில் இரண்டையும் கலந்து சொல்வோம். டயலாக் பாக்ஸில் எண்ணைப் போடும்போது கலந்துவிடக் கூடாது. 0.2 டாலரன்ஸ் வேண்டும் என்று நினைத்து ±0.2 போட்டால் கைக்கு வருவது 0.4.

இப்போது மூடியின் ஸ்பிகாட்டுக்கும் ஹவுசிங் துளைக்கும் இரண்டுக்குமே 25 ±0.1 கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிகாட் 25.1 வந்து, துளை 24.9 வந்தால்? இரண்டுமே டிராயிங்படி சரி. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஒன்றில் ஒன்று உட்கார வேண்டிய இடங்களில் இருபக்கமும் சமமான பிளஸ்-மைனஸ் அநேகமாக உதவாது என்பதற்கு இதுவே காரணம். துளைக்கு 25-க்கு மேலேயே இடம் கொடுக்க வேண்டும், ஸ்பிகாட்டுக்கு 25-க்குக் கீழேயே கொடுக்க வேண்டும்.

அந்த எண்களை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 286 என்ற தரநிலை அட்டவணை போட்டே வைத்திருக்கிறது. 25ஹெச்7 (25H7) என்று எழுதினால், 25 என்பது நாமினல். ஹெச் என்ற எழுத்து எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது. 7 என்பது டாலரன்ஸ் எவ்வளவு அகலம் என்பதைச் சொல்கிற கிரேடு. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து என்றால் துளை, சிறிய எழுத்து என்றால் ஷாஃப்ட், அதாவது நம் ஸ்பிகாட் மாதிரி துளைக்குள் போகும் பாகம். 18-க்கு மேல் 30 வரையுள்ள அளவுகளுக்கு கிரேடு 7-இன் அகலம் 0.021, கிரேடு 6-இன் அகலம் 0.013. பெரிய ஹெச் எப்போதும் சைபரில் தொடங்கி மேலே போகும். ஆகவே 25ஹெச்7 துளை 25.000 முதல் 25.021 வரை. அதற்குள் உரசாமல் நழுவி உட்கார சிறிய ஜி6 (g6) கொடுத்தால், ஸ்பிகாட்டின் மேல் எல்லை −0.007, கீழ் எல்லை −0.020. மிக இறுக்கமாக வந்தாலும் 0.007 இடைவெளி, மிகத் தளர்வாக வந்தாலும் 0.041. எந்த ஸ்பிகாட்டை எடுத்து எந்த ஹவுசிங்கில் வைத்தாலும் உட்காரும்.

சாஃப்ட்வேரில் எங்கே இருக்கிறது

ஆட்டோகேடை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும். டைமென்ஷன் ஸ்டைல் மேனேஜரைத் திறந்து, மாடிஃபை அழுத்தினால் வரும் டேப்களில் ஒன்று டாலரன்சஸ். அதில் மெத்தட் என்ற இடத்தில் ஐந்து தேர்வுகள். நன் என்றால் எதுவும் இல்லை. சிமெட்ரிகல் என்றால் 25 ±0.1 மாதிரி, ஒரே எண் போதும், அதனால் அப்பர் வேல்யூ கட்டம் மட்டும் திறந்திருக்கும். டீவியேஷன் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்கள் அடுக்காக வரும். லிமிட்ஸ் என்றால் கூட்டிக் கழித்து 25.021, 25.000 என்று இறுதி அளவுகளையே எழுதும். பேசிக் என்றால் எண்ணைச் சுற்றி ஒரு பெட்டி போடும். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

டீவியேஷனா லிமிட்ஸா என்று கேட்டால், சொல்லப்படுவது ஒன்றேதான். அளந்து பார்த்துத் தள்ளுபவருக்கு லிமிட்ஸ் வசதி, மனக்கணக்குப் போட வேண்டாம். எனக்கு டீவியேஷன்தான் பிடிக்கும். 25 என்ற நாமினல் கண்ணுக்குத் தெரிந்தால் அது எதனுடன் ஜோடி என்பது பார்த்த உடனே புரிந்துவிடும்.

சரி, நான் செய்த தப்புக்கு வருவோம். ஸ்டைல் என்பது பல டைமென்ஷன்களுக்குப் பொதுவான சட்டை. அதில் டாலரன்ஸைத் திறந்துவிட்டால், அந்த ஸ்டைலில் போட்ட எல்லா அளவுகளுக்கும் அது போய் ஒட்டிக்கொள்ளும். கோணங்களுக்கும்தான். மி.மீ.க்கு என்று நினைத்துக் கொடுத்த 0.01, கோணத்துக்குப் பக்கத்தில் 0.01 டிகிரியாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே ஓர் அளவுக்கு வேண்டுமென்றால் ஸ்டைலைத் தொடாதீர்கள். அந்த டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ் பேனலைத் திறந்து, அங்கே உள்ள டாலரன்சஸ் பகுதியில் மாற்றுங்கள். அந்த ஒன்று மட்டும் மாறும். ஒரு சின்ன எச்சரிக்கை: இந்தப் பேனலில் கீழ் எல்லைக்கான கட்டம் முதலிலும் மேல் எல்லைக்கான கட்டம் அதற்கு அடுத்தும் இருக்கும். அவசரத்தில் தலைகீழாகப் போட்டுவிடுவோம். அப்புறம், ஒரே டாலரன்ஸ் பத்து இருபது இடங்களில் வரும் என்றால் அதற்கென்று தனி ஸ்டைல் ஒன்றை உருவாக்கி, பார்த்தாலே புரிகிற பெயர் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டைல் மேனேஜரில் ஓவர்ரைட் என்றும் ஒரு பட்டன் உண்டு. அது ஏற்கெனவே போட்டவற்றை விட்டுவிட்டு இனி போடுபவற்றுக்கு மட்டும் பொருந்தும். போட்டதை மறந்துவிட்டால், மதியத்துக்குப் பிறகு வரைந்த அளவுகளில் மட்டும் டாலரன்ஸ் வரும் விநோதத்தைப் பார்க்கலாம்.

மைனஸ் குறியும் காணாமல் போகும் தசமமும்

இந்த இரண்டு பொறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டுமே எந்த எச்சரிக்கையும் தராமல் தப்பு செய்பவை.

ஆட்டோகேடில் லோயர் வேல்யூ கட்டத்தில் போடுகிற எண்ணுக்கு மைனஸ் குறியை அதுவே சேர்த்துக்கொள்ளும். 0.020 என்று கொடுத்தால் டிராயிங்கில் −0.020 என்று வரும். இது தெரியாமல் நாமும் ஒரு மைனஸ் போட்டால், இரண்டு மைனஸும் சேர்ந்து +0.020 ஆகிவிடும். நம் ஸ்பிகாட்டுக்கு மேல் எல்லை −0.007, கீழ் எல்லை −0.020. இதற்கு அப்பர் வேல்யூவில் −0.007 என்று மைனஸோடு போட வேண்டும். லோயர் வேல்யூவில் 0.020 என்று மைனஸ் இல்லாமல் போட வேண்டும். பார்க்கக் கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. இறுக்கமாக அடித்து ஏற்றும் பி6 (p6) ஷாஃப்ட் என்றால் எல்லைகள் +0.035, +0.022. இங்கே இரண்டுமே பிளஸ். அப்பரில் 0.035, லோயரில் −0.022. எல்லா சாஃப்ட்வேரும் இப்படி இல்லை. ஃப்ரீகேடின் டெக்டிரா என்ற டிராயிங் பகுதியில் கீழ் எல்லையை அதன் உண்மையான குறியோடுதான் கொடுக்க வேண்டும். புது சாஃப்ட்வேருக்கு மாறினால், முதல் வேலையாக ஓர் எண்ணைப் போட்டு டிராயிங்கில் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள். கட்டத்தை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள்.

அடுத்தது பிரிசிஷன். டாலரன்சஸ் டேபில் எத்தனை தசம இடம் காட்ட வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு பிரிசிஷன் இருக்கிறது. முக்கிய அளவுக்கான பிரிசிஷன் வேறு, இது வேறு. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் இது வழக்கமாக இரண்டு இடம் என்றுதான் இருக்கும். நீங்கள் 0.021 என்று கொடுத்தால் உள்ளே 0.021 என்றே பதிந்திருக்கும். தாளில் மட்டும் 0.02 என்று வரும். ஒரு மைக்ரான்தானே, 0.001 மி.மீ.தானே என்று விடலாம். ஸ்பிகாட்டைப் பாருங்கள்: −0.007 என்பது −0.01 ஆகிவிடும், −0.020 என்பது −0.02 ஆகிவிடும். 0.013 அகலம் இருந்த டாலரன்ஸ் 0.01 ஆகச் சுருங்கிவிட்டது. கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. லேத்தில் இருப்பவருக்கு அந்தக் கால் பங்கு பெரிய விஷயம். மூன்று தசமம் வேண்டுமென்றால் பிரிசிஷனை மூன்றாக்கிவிட்டு எண்ணைப் போடுங்கள்.

அங்கேயே ஜீரோ சப்ரெஷன் என்று ஒன்று இருக்கும். டிரெய்லிங் என்பதில் டிக் இருந்தால் கடைசியில் வரும் சைபர்களை விழுங்கிவிடும். −0.007-க்குக் கீழே −0.02 என்று வந்து, அடுக்கு கோணலாக நிற்கும். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் தசம இடங்கள் ஒன்றாக இருப்பதுதான் வழக்கம், சைபருக்கு மட்டும் விலக்கு. அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, டைமென்ஷன் மேல் டபுள் கிளிக் பண்ணி 25 ±0.1 என்று டைப் அடித்துவிடலாமே? அடிக்கலாம். எல்லாரும் ஒரு தடவையாவது அடித்திருப்போம். அப்படி அடித்த நொடியில் அந்த எண்ணுக்கும் வட்டத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். நாளைக்கு வட்டத்தை 26 ஆக்கினாலும் தாளில் 25 என்றே இருக்கும். வேறு வழியே இல்லை என்றால், எண்ணை மட்டும் கையால் எழுதாமல் அந்த இடத்தில் <> என்ற குறியை வைத்துவிட்டு, மீதியை டைப் பண்ணுங்கள். <> இருக்கும் இடத்தில் உண்மையாக அளந்த எண்ணை ஆட்டோகேட் போட்டுக்கொள்ளும்.

சாலிட்வொர்க்ஸில் இந்த வேலை கொஞ்சம் சுலபம். டைமென்ஷனைத் தொட்டால் பக்கத்துப் பேனலில் டாலரன்ஸ் வகையைக் கேட்கும். ஃபிட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஹெச்7, ஜி6 என்று கொடுத்தால், அட்டவணை எண்களை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆட்டோகேடிலும் மெக்கானிக்கல் டூல்செட் இருந்தால் ஃபிட் தேர்வு உண்டு. சாதாரண ஆட்டோகேடில் எண்களை நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

அளவுகளைக் கோக்கும் விதம்

ஓர் உலோகப் பாரில் 25 மி.மீ. இடைவெளியில் நான்கு படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன் முடிவிலிருந்து அடுத்தது என்று சங்கிலி போல 25 ±0.1 போட்டால், கடைசிப் படி முதல் ஓரத்திலிருந்து 100 ±0.4 இல் வந்து நிற்கும். ஒவ்வொரு அளவும் சரியாக இருந்தும் மொத்தம் தப்பாகலாம். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே ஓரத்திலிருந்து 25, 50, 75, 100 என்று பேஸ்லைன் முறையில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் ±0.1 கொடுத்தால் கடைசிப் படி 100 ±0.1. ஆனால் இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: இப்போது பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு இடையே உள்ள தூரம் ±0.2 வரை ஆடலாம். எந்தத் தூரம் முக்கியமோ அதை நேரடியாகக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு சூத்திரம் இல்லை. நான்கு படிகளையும் கொடுத்து மொத்த 100-க்கும் டாலரன்ஸ் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஒன்றுக்கொன்று சண்டை போடும். மொத்தத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள், அது தகவலுக்கு மட்டும் என்று புரிந்துகொள்வார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் எண்

பேசிக் என்று ஒன்றைப் பாக்கி வைத்தேன். பெட்டிக்குள் இருக்கும் எண்ணுக்குத் தனக்கென்று டாலரன்ஸ் கிடையாது. கடைசிப் பகுதியில் வரப்போகும் பொது டாலரன்ஸும் அதற்குப் பொருந்தாது. ஆடலாம் என்கிற இடம் வேறொரு கட்டத்தில் எழுதியிருக்கும்.

மூடியின் நான்கு துளைகளை எடுத்துக்கொள்வோம். எம்6, அதாவது 6 மி.மீ. ஸ்க்ரூ, 6.6 துளை. துளைக்கு ±0.2 கொடுத்தால் மிகச் சிறியது 6.4. ஸ்க்ரூவைவிட 0.4 அதிகம். ஹவுசிங்கில் உள்ள மரை போட்ட துளைகளும் இடம் மாறி வரலாம் என்பதால், இந்த 0.4-ஐ மூடிக்குப் பாதி, ஹவுசிங்குக்குப் பாதி என்று பிரிக்கலாம். மூடியின் ஒவ்வொரு துளையின் மையமும் அதன் சரியான இடத்தைச் சுற்றி 0.2 விட்டமுள்ள ஒரு குட்டி வட்டத்துக்குள் இருந்தால் போதும். இதையே எக்ஸ், ஒய் என்று இரண்டு பிளஸ்-மைனஸ் அளவுகளாகச் சொல்லப் போனால், அந்த வட்டத்துக்குள் அடங்கும் சதுரமாகத்தான் சொல்ல முடியும். அது வெறும் ±0.07. வட்டத்தின் பரப்பு அந்தச் சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். அந்த அதிகப்படியான இடத்தில் விழுந்த நல்ல துளைகளையெல்லாம் பிளஸ்-மைனஸ் முறை காரணமே இல்லாமல் தள்ளிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்காட்லாந்தின் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் இதைக் கவனித்துத்தான் இடத்துக்கான டாலரன்ஸை வட்டமாகச் சொல்லும் வழியை முன்வைத்தார்.

ஆட்டோகேடில் துளை மையங்களின் தூரங்களுக்கு பேசிக் கொடுத்துவிட்டு, டாலரன்ஸ் என்ற கட்டளையால் கட்டம் கட்டமான அந்தச் சட்டத்தை வரவழைத்து, பொசிஷன் குறி, விட்டக் குறி, 0.2, எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது என்ற டேட்டம் எழுத்து எல்லாவற்றையும் நிரப்பலாம். பெட்டி போட்டுவிட்டுச் சட்டத்தை மறந்தால், அந்த அளவுக்கு டாலரன்ஸே இல்லை என்றாகிவிடும். பெட்டி அழகாக இருக்கிறது என்று போடுபவர்களும் இருக்கிறார்கள்.

மீதி அளவுகளுக்கு என்ன செய்வது

எதுவும் எழுதாமல் விடலாம். ஆனால் டைட்டில் பிளாக்கில், அதாவது டிராயிங்கின் தகவல் கட்டத்தில், ஒரு வரி இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 2768-எம் என்று எழுதினால், டாலரன்ஸ் தனியாகக் குறிப்பிடாத நீள அளவுகளுக்கெல்லாம் அதன் மீடியம் அட்டவணை பொருந்தும்: 6 மி.மீ. வரை ±0.1, அதற்கு மேல் 30 வரை ±0.2, 120 வரை ±0.3, 400 வரை ±0.5. கோணங்களுக்கும் அதிலேயே அட்டவணை உண்டு. சாதாரண மெஷினில், சாதாரணக் கவனத்தோடு செய்தாலே வருகிற எண்கள் இவை.

இதோடு 0.01-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். தகட்டின் 8 மி.மீ. தடிமனுக்கு ±0.2 போதும் என்ற இடத்தில் நான் ±0.01 கேட்டிருந்தேன், இருபது மடங்கு இறுக்கம். அதற்குக் கிரைண்டிங் வேண்டும், மைக்ரோமீட்டர் வேண்டும், அளக்கிற அறையின் சூட்டைக்கூடக் கவனிக்க வேண்டும். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில்தான் என்பது ஐஎஸ்ஓ விதி, 100 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினாலே ஏறக்குறைய 0.012 நீண்டுவிடும். லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய சூடான பாகத்தை அளந்து ±0.01 சரி என்று கையெழுத்துப் போட முடியாது.

மூடியைத் திரும்ப வரைந்தேன். ஸ்டைலில் டாலரன்ஸை நன் என்று வைத்துவிட்டு, ஸ்பிகாட் விட்டத்துக்கு மட்டும் ப்ராப்பர்ட்டீஸில் டீவியேஷன், மூன்று தசமம், −0.007, −0.020. நான்கு துளைகளுக்குப் பெட்டி அளவும் ஒரு சட்டமும். டைட்டில் பிளாக்கில் ஒரு வரி. தடிமனுக்குப் பக்கத்தில் வெறும் 8. அண்ணன் இந்த முறை தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஸ்பிகாட்டின் மேல் ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பார் வெட்டப் போய்விட்டார்.